பத்தொன்பது கிலோ விண்கலம்: கோவை கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் நடந்த மினியேச்சர் வேலை

படப்பிடிப்புக்காக ஒரு மரப் பட்டறை செய்த விண்கல மினியேச்சரின், அதாவது சிறிய அளவு மாதிரியின், கதை இது. இதில் வரும் பட்டறை, படக்குழு, ஆட்கள் எவருடைய பெயரையும் எழுதவில்லை. படக்குழுவுக்கும் பட்டறைக்கும் நடுவே நின்று அளவுகளையும் தேவைகளையும் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே நடந்த தவறுகளில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. அது எந்த இடத்தில் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். இந்த வேலையை எடுக்க நினைக்கும் வேறொரு பட்டறைக்கு இது பயன்படட்டும் என்றுதான் வார வாரியாக எழுதிவைத்த குறிப்பிலிருந்து இதைத் தொகுத்தேன்.

பின்னணி

கோவையின் பம்பும் மோட்டாரும் உலகத்துக்குத் தெரியும். அவற்றின் வார்ப்புக்கு முதல் உருவம் கொடுக்கிற பேட்டர்ன் மேக்கரை ஊருக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. வரைபடத்தைப் பார்த்துத் தேக்கு மரத்தில் அந்த உறுப்பை அப்படியே செதுக்குவார். ஃபவுண்டரியில் அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழிவில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும் என்பதால் பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கென்றே அவர்களிடம் சுருக்க ஸ்கேல் என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்று போட்டிருப்பது உண்மையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

நான் சொல்லும் பட்டறை கணபதியில் இருக்கிறது. நடத்துபவர் அறுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டு அனுபவம். உடன் இருப்பவன் அவருடைய அக்கா மகன், இருபத்தாறு வயது, டிப்ளமோ படித்தவன். கணினியில் வரைந்து, இயந்திரத்தில் கடைந்து, அலுமினியத்தில் பேட்டர்ன் செய்வது பெருகிய பிறகு மர வேலை குறைந்துகொண்டே வந்தது. பட்டறையில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது இவர்கள் இருவரும் ஓர் உதவியாளரும்தான்.

குழந்தைகளுக்கான அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றுக்கு விண்கலம் வேண்டும் என்று ஒரு படக்குழு தேடிக்கொண்டிருந்தது. கணினி வரைகலைக்கு அவர்களிடம் இருந்த பணம் போதாது. அதைவிட முக்கியமாக, அந்த இயக்குநருக்குக் கையால் செய்த கலத்தின் மேல் விழும் வெளிச்சம் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. 1964இல் ஸ்டார் டிரெக் தொடருக்காகக் கட்டப்பட்ட எண்டர்பிரைஸ் கலம் 11 அடி நீளம் கொண்டது. மரமும் பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்து செய்தது. இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1993இல் தொடங்கிய பாபிலோன் 5 போன்ற தொடர்கள் கலங்களை முழுக்கக் கணினிக்குள் கொண்டுபோய்விட்டன. ஆனாலும் 2019இல் மாண்டலோரியன் தொடருக்காகச் சில காட்சிகளுக்கு மறுபடியும் ஒரு மினியேச்சரைச் செய்து படம்பிடித்தார்கள்.

மரத்தை மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கத் தெரிந்தவர்கள் கோவையில் வேலையில்லாமல் இருக்கும்போது இந்த வேலை ஏன் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். இயக்குநரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவன் நான்தான்.

ஒப்பந்தம்

கலத்தின் நீளம் 1200 மில்லிமீட்டர். கதையில் அது 240 மீட்டர் நீளக் கப்பல். அதாவது 1/200 அளவு. பதினொரு வாரத்தில் முடிக்க வேண்டும். மொத்தக் கூலி பேசி, மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கொடுத்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்த தாளில் நீளம், அகலம், உயரம், ஜன்னல்களின் எண்ணிக்கை, உள்விளக்குகள், நிறம் எல்லாம் இருந்தன. எடை இல்லை. எந்த இடத்தில் தாங்கியில் மாட்டப்போகிறோம் என்பதும் இல்லை. கலத்தின் பின்புறத்தில் ஒரு துளை விட்டால் போதும் என்று வாயால் சொன்னதோடு நிறுத்திவிட்டேன்.

முதல் நான்கு வாரம்

பெரியவர் உடலைத் தேக்கில் செய்தார். துண்டுகளைப் பசை போட்டு அடுக்கி, இழைப்புளி போட்டு, உளியில் வளைவு எடுத்தார். உட்புறத்தைக் குடைந்தது விளக்குக் கம்பிகள் போகும் அளவுக்கு மட்டும்தான். மேலே 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடுகளை லேசரில் வெட்டி வாங்கி, முழு நீளத்துக்கும் ஒட்டினார்கள். வேலையின் நேர்த்தியைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். விரலை ஓட்டினால் எங்குமே தட்டவில்லை. மூலைகளில் எல்லாம் மெழுகு வைத்து உருட்டியது போன்ற வளைவு. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்ததில் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் அந்த உடம்பில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். பேட்டர்ன் வழுவழுப்பாக இருந்தால்தான் மணலைக் கலைக்காமல் வெளியே வரும். பக்கங்கள் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். மூலைகள் உருண்டிருக்க வேண்டும். நாற்பது ஆண்டாக அவர் கை பழகியது இதற்குத்தான். மினியேச்சருக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். 1/200 அளவில் ஒரு மில்லிமீட்டர் வளைவு என்பது உண்மைக் கப்பலில் 20 சென்டிமீட்டர் உருட்டல். அவ்வளவு பெரிய இரும்புத் தகட்டின் ஓரம் சோப்புக்கட்டி போல உருண்டிருக்காது. பளபளப்பும் அப்படித்தான். விளக்கின் பிம்பம் உடம்பில் தெரிந்துவிட்டால் விளக்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்ப்பவரின் கண் கணக்குப் போட்டுவிடும். அதோடு கப்பல் கைக்கடக்கமான பொருளாகிவிடும்.

மருமகன் மேற்பரப்பு விவரங்களை எடுத்துக்கொண்டான். வெளிநாட்டு மினியேச்சர் கலைஞர்கள் பீரங்கி வண்டி, விமானம் முதலான பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளை வாங்கி, உதிரிகளை எடுத்துக் கப்பலின் மேல் ஒட்டுவார்கள். 1960களில் தண்டர்பேர்ட்ஸ் தொடரில் டெரெக் மெடிங்ஸ் குழுவினர் தொடங்கி, பல பட்டறைகளின் வழக்கம் அது. நமக்கு அந்தப் பெட்டிகளின் விலை கட்டாது. அவன் உக்கடம் பழைய சாமான் கடைகளில் இரண்டு மூட்டை வாங்கி வந்தான். நூற்பாலைப் பாபின்களின் பிளாஸ்டிக் முனைகள், தையல் இயந்திரத்தின் சிறு பற்சக்கரங்கள், பிளாஸ்டிக் வார்ப்பில் மிச்சமாகிற கிளை கிளையான குச்சிகள், பழுதான எலக்ட்ரானிக் அட்டைகள். காற்றுத் துவாரம் வர வேண்டிய இடங்களில் கரூர் கொசுவலையை வெட்டி ஒட்டினான். அந்த வலையின் சின்னக் கட்டங்கள் 1/200 கணக்கில் மிகப் பொருத்தமாக, ஆள் புகும் அளவுக்குச் சற்றுக் குறைவான கம்பித் தடுப்பாகத் தெரிந்தன. கொங்கு நாட்டுக் குப்பையிலிருந்தே ஒரு விண்கலத்தின் இயந்திர அறை உருவானதைப் பார்த்தபோது எனக்கு உண்டான பெருமையை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அவன் ஒரு விரல்கடை இடம்கூட விடவில்லை. மூக்கு முதல் வால் வரை ஒரே நெருக்கம். தகட்டுக் கோடுகளை ஹேக்சா பிளேடால் கீறியிருந்தான். ஒவ்வொரு கோடும் ஒரு மில்லிமீட்டர் அகலம்.

சுருக்க ஸ்கேல்

ஐந்தாம் வாரம் இதைப் பேசியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தோம். வார்னிஷை மங்கலாக்க வேண்டும், ஓரங்களைக் கூராக்க வேண்டும் என்று மருமகன் முதலிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறான்.

“மாமா, கேமராவுக்கு இந்த வழுவழுப்பு ஆகாது.”

“நாற்பது வருடமாக வழுவழுப்புக்குத்தான் கூலி வாங்கியிருக்கிறேன், கண்ணு” என்றாராம் அவர். கோபமாகச் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

நான் அவருடைய சுருக்க ஸ்கேலையே கையில் எடுத்துக்கொண்டேன். “இது நூற்றுக்கு ஒன்று கூட்டிக் காட்டுகிறது அல்லவா, அண்ணா? நாம் செய்வது இருநூறு மடங்கு சுருங்கிய வார்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் ஒரு மீட்டர். ஆள் உயரம் எட்டரை மில்லிமீட்டர். ஒரு மாடி 15 மில்லிமீட்டர்.” மருமகன் ஒரு பித்தளைக் கம்பியை எட்டரை மில்லிமீட்டருக்கு வெட்டிக் கலத்தின் மேல் நிறுத்தினான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த ஆளின் காலடியில் ஓடியது ஹேக்சா கோடு. உண்மைக் கப்பலில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வாய்க்கால். “இதில் விழுந்தால் கால் உடையும்” என்றார். அதற்குப் பிறகு அவரிடம் அளவைப் பற்றி நான் ஒரு முறைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுகள்: கோடுகளைப் பட்டி போட்டு அடைத்து, கூராக்கிய ஊசியால் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் புதிதாகக் கீறுவது. உடலின் மேற்பகுதியில் பாதியை வெறுமையாக விட்டு, விவரங்களை இயந்திரப் பகுதியிலும் அடிவயிற்றிலும் மட்டும் கூட்டுவது. வார்னிஷை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, சாம்பல் நிற ப்ரைமர் அடித்து, மங்கல் பெயின்ட் பூசுவது. தகட்டுக்குத் தகடு சாம்பல் நிறத்தை ஓர் இழை மாற்றுவது. இந்தக் கடைசி யோசனைதான் கலத்துக்குப் பருமனைக் கொடுத்தது. ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகிற, ஆனால் வெளிச்சம் சாயும்போது கட்டம் கட்டமாகப் பிரிகிற உடம்பு.

வெறுமையாக விட மருமகனுக்கு மனம் வரவில்லை. ஒட்டியதைப் பிய்ப்பது அவனுக்குக் கூலியைத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது. பழைய எண்டர்பிரைஸ் கலத்தின் கதை அப்போது உதவியது. விளக்குக் கம்பிகள் அதன் இடப்பக்கம் வழியாக உள்ளே போயின. அதனால் அந்தப் பக்கத்தை முழுமையாக அலங்கரிக்காமலே விட்டு, வலப்பக்கத்தை மட்டும் படம்பிடித்தார்கள். கேமரா பார்க்காத இடத்தில் உழைப்பு தேவையில்லை என்று சொன்னால் அவன் ஏற்றிருக்க மாட்டான். அருங்காட்சியகத்தில் நிற்கிற கலத்தைக் காட்டியபோது ஏற்றுக்கொண்டான்.

ஊர்க் கோயில் திருவிழாவான நோம்பிக்காக ஆறாம் வாரத்தில் மூன்று நாள் பட்டறை மூடியிருந்தது. அதை நான் கால அட்டவணையில் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். கொங்கு நாட்டில் நோம்பி சாட்டிய பிறகு ஊருக்குப் போகாமல் வேலை செய் என்று யாரையும் கேட்க முடியாது, கேட்பதும் முறையில்லை.

குளோரோபாம்

இதைத் தனியாக எழுதக் காரணம், இதில்தான் ஆளுக்கே ஆபத்து வந்தது. அக்ரிலிக்கை ஒட்ட விளம்பரப் பலகைக் கடைகளில் எல்லோரும் குளோரோபாம் பயன்படுத்துகிறார்கள். ஊசிக் குழாயில் எடுத்து மூட்டில் விட்டால் உருகி ஒன்றாகிவிடும். பெயின்டில் தூசி ஒட்டக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, மருமகன் இரண்டு நாள் தொடர்ந்து அந்த அறைக்குள் ஒட்டினான். இரண்டாம் நாள் மாலை தலைசுற்றி வாந்தி எடுத்தான். மருத்துவரிடம் அழைத்துப் போனோம், ஓய்வில் சரியாகிவிட்டான். குளோரோபாம் கல்லீரலைக் கெடுக்கும், ஆளை மயக்கும். இது தெரிந்திருந்தும் நாங்கள் பெயின்டைப் பற்றியே கவலைப்பட்டோம். மறுநாளே வெளியேற்றும் மின்விசிறி வைத்து, எதிர் ஜன்னலில் ஈரத் துணி கட்டி, ஒட்டும் வேலை ஓர் அறையிலும் பெயின்ட் இன்னோர் அறையிலும் என்று பிரித்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து ஒட்டக்கூடாது என்று பெரியவர் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்.

முதல் சோதனைப் படப்பிடிப்பு

ஏழாம் வாரம் கலத்தைப் பல்லடம் சாலையில் ஒரு பழைய தறிக் குடோனுக்குக் கொண்டுபோனோம். வாடகை குறைவு, நீளம் தாராளம், கதவைச் சாத்தினால் இருட்டு. அங்கே தண்டவாளத்தின் மேல் மோட்டாரில் நகரும் கேமராவை அமைத்திருந்தார்கள். தண்டவாளமும் திருகுத் தண்டும் கோவை இயந்திரக் கடைகளிலேயே கிடைத்தன.

படம்பிடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சிறு பொருளை அருகிலிருந்து எடுத்தால் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் தெரியும். அப்படித் தெரிந்தாலே பொம்மை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் லென்ஸ் துவாரத்தை f/16, f/22 என்ற அளவுக்கு மிகவும் சுருக்கி, ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு வினாடி வெளிச்சம் வாங்க வேண்டும். வினாடிக்கு 25 பிரேம் என்றால் 10 வினாடிக் காட்சிக்கு 250 பிரேம். நகர்வதற்கு ஒரு வினாடி சேர்த்தால் ஒரு சுற்றுக்கு பன்னிரண்டரை நிமிடம். இப்படி ஒரே நகர்வை நான்கு முறை எடுப்பார்கள். சூரியன் போல ஒரே பக்கத்திலிருந்து ஒளி வைத்து ஒரு சுற்று; எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னல் விளக்குகள் மட்டும் ஒரு சுற்று; இயந்திர வெளிச்சத்துக்கு ஒரு சுற்று; கடைசியில் பின்னால் வெள்ளைத் துணிக்கு மட்டும் ஒளி கொடுத்து, கலத்தைக் கரிய நிழலாக எடுக்கும் சுற்று. அந்த நிழலை வைத்துத்தான் நட்சத்திரங்களுக்கு நடுவே கலத்தைப் பதிப்பார்கள். வெள்ளைத் துணிக்கு அங்கேயே பல்லடத்துக் காடாவை வாங்கித் தைத்துக்கொண்டோம்.

நான்கு சுற்றும் ஒன்றன் மேல் ஒன்று முடியளவு பிசகாமல் உட்கார வேண்டும். உட்காரவில்லை. மூக்குப் பக்கத்தில் கலத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு எரிந்துகொண்டே இருந்தது. கணக்குப் பார்த்தால் நான்கு பிக்சல் விலகல். எல்லோரும் கேமராத் தண்டவாளத்தைச் சந்தேகித்தார்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள். அரை நாள் போயிற்று.

பெரியவர் எதுவும் பேசாமல் போய்த் தம் பையிலிருந்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்து வந்தார். அதன் காந்த அடியை ஓர் இரும்புப் பலகையில் உட்காரவைத்து, ஊசி முனையைக் கலத்தின் மூக்குக்கு அடியில் தொடவைத்தார். முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினார். ஆயிரம் வாட் விளக்குகள் இரண்டையும் போடச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். சிறிது நேரம் முள் அசையவில்லை. பிறகு நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமல், கடிகாரத்தின் பெரிய முள் போல. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. நான்கு சுற்று எடுக்கும் நேரம் முடிந்தபோது மூன்று மில்லிமீட்டர். “கேமரா நேராகத்தான் இருக்கிறது, தம்பி” என்றார் என்னைப் பார்த்து. “மூக்கு கும்பிடுகிறது.”

மூக்கு ஏன் தாழ்ந்தது

அன்று மாலை கலத்தை எடைபோட்டோம். 19 கிலோ. அதைத் தாங்கியது பின்புறத்தில் ஒரே இடத்தில் மாட்டிய மெல்லிய அலுமினியச் சதுரப் பைப்பும், மரத்தில் இறங்கிய ஆறு திருகுகளும். 1200 மில்லிமீட்டர் நீளத்தின் முழுப் பாரமும் அந்தத் திருகுகளில் தொங்கியது.

பாரம் பாதிக் காரணம்தான். அக்ரிலிக் சூட்டில் நன்றாக விரியும். 1200 மில்லிமீட்டர் நீளத் தகடு 15 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தேக்கு தன் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. இரண்டையும் முழு நீளத்துக்கும் ஒன்றாக ஒட்டிவிட்டு, மேல்பக்கத்தில் மட்டும் விளக்கு காய்ந்தால், நீளும் தகடு உடலை வளைத்துத்தான் தீரும். திருகுகளின் தளர்ச்சியும் இந்த வளைவும் சேர்ந்துகொண்டன.

எடைப் பிரச்சினை பெரிய பட்டறைகளையும் விட்டதில்லை. 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஸ்டார் டிரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடருக்கு முதலில் 6 அடிக் கலம் செய்தார்கள். கையாளச் சிரமமாக இருந்ததால் மூன்றாம் ஆண்டில் கிரெக் ஜெயின் 4 அடியில் வேறொன்று செய்தார். இதை நான் படித்திருந்தேன். படித்தும், எடை என்ற ஒரு சொல்லை எழுதாமல் தாளைக் கொடுத்திருந்தேன்.

அறுப்பது என்ற முடிவு

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. தாங்கியை மட்டும் பலப்படுத்துவது; வளைவு அப்படியே இருக்கும். கணினியில் ஒவ்வொரு காட்சியாகத் திருத்துவது; அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் மினியேச்சருக்கே வந்தார்கள். மூன்றாவது, முடித்த கலத்தை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் தேக்கை எடுத்துவிடுவது.

மூன்றாவது வழியைச் சொன்னவர் பெரியவர். யார் சொன்னாலும் அவர் சம்மதிக்க வேண்டும் என்ற தயக்கத்தில் நாங்கள் அதைப் பேச்சில் எடுக்காமல் இருந்தோம். காரணத்தையும் அவரே சொன்னார்: ஃபவுண்டரியில் வார்ப்பு ஒருமுறை கோணினால் பேட்டர்னைத்தான் திருத்துவார்கள், வார்ப்பைத் தட்டி நிமிர்த்த மாட்டார்கள்.

எட்டாம் வாரம் திங்கட்கிழமை காலை அவரே அறுத்தார். தகட்டுக் கோடு ஒன்றின் வழியாக, மெல்லிய ரம்பத்தை அந்தக் கீறலுக்குள்ளேயே நடத்தினார். மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தூளை ஊதிவிட்டு, விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மருமகன் வாசலில் போய் நின்றுகொண்டான். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு மேல்பாதி தனியாக வந்தது. உள்ளே நாலு வாரத்துக்கு முன் அவர் அடுக்கிய தேக்கின் மஞ்சள் நிறம். அதை உளியால் சில்லுச் சில்லாக எடுத்து வெளியே போட்டார். மீதம் ஒரு முழங்கை அளவுத் துண்டை மட்டும் தனியே எடுத்துவைத்தார்.

உள்ளே நடுநீளத்துக்கு இரும்புப் பைப் ஒன்றைப் பற்றவைத்து, அதில் ஐந்து இடங்களில் மெல்லிய பிளைவுட் விலா எலும்புகள். தோல், அதாவது வெளித் தகடு, அந்த விலாக்களின் மேல் உட்காரும், பைப்பைத் தொடாது. தகடுகளை ஒரே நீளமாக ஒட்டாமல் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, இடையே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். சூட்டில் விரிய இடம் கிடைத்தது. அந்த இடைவெளி தகட்டுக் கோடாகவும் ஆகிவிட்டது. மாட்டும் இடம் மூன்று: பின்புறம், அடிவயிறு, இடப்பக்கம். மூன்றும் பைப்போடு பற்றவைத்தவை. பயன்படாத துளையை மூடத் தனித்தனி மூடிகள். அடிவயிற்றுத் துளை சரியாக எடை மையத்தில். விளக்குகளையும் எல்.ஈ.டி.க்கு மாற்றினார்கள்.

புதிய எடை எட்டரைக் கிலோ. பெரியவர் டயல் கேஜை மறுபடியும் வைத்தார். ஒரு மணி நேரத்தில் முள் இரண்டு கோடு நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

பஞ்சு

தறிக் குடோனில் எதிர்பாராமல் வந்த தொல்லை இது. தறிகள் நின்று ஆண்டுகள் ஆகியும் உத்தரத்தில் பஞ்சு படிந்திருந்தது. கதவு திறந்தாலே இறங்கும். 5 மில்லிமீட்டர் பஞ்சிழை 1/200 கணக்கில் ஒரு மீட்டர் கயிறு. முதல் சுற்றில் இல்லாத கயிறு மூன்றாம் சுற்றில் கலத்தின் முதுகில் கிடந்தால் நான்கு சுற்றும் வீண். இரண்டு நாள் படப்பிடிப்பு இப்படிப் போன பிறகு உத்தரத்தைக் கழுவி, கலத்தின் மேல் பத்தடி உயரத்தில் ஈரக் காடாவைப் பந்தலாகக் கட்டினோம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் மருமகன் மென்மையான ஓவியத் தூரிகையால் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவான். மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் விளக்கின் வெளிச்சமும் சுற்றுக்குச் சுற்று மாறியது. ஸ்டெபிலைசர் வைத்து, கலத்தின் உள்விளக்குகளைப் பேட்டரிக்கு மாற்றியதோடு அது தீர்ந்தது.

விளைவு

கலம் பதினொரு வாரத்துக்குப் பதிலாகப் பதிமூன்றாம் வார முடிவில் தயாரானது. படக்குழு கேட்டிருந்த 46 காட்சிகளில் 33ஐ மினியேச்சரில் எடுத்தோம். மீதியில் ஏறக்குறைய பாதி திரைக்கதையிலேயே நீக்கப்பட்டது. மற்றதைக் கணினியில் செய்தார்கள். வெகு தொலைவிலிருந்து வரும் காட்சிகளுக்கு 1200 மில்லிமீட்டர் கலம் பொருந்தவில்லை. ஸ்பேஸ் 1999 தொடரின் ஈகிள் கலங்களை 44, 22, 11 அங்குலம் என்று பல அளவுகளில் செய்திருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக 300 மில்லிமீட்டரில் ஒன்று செய்து கொடுத்தோம். அதன் வேலை அவசர வேலையாகவே தெரிகிறது. தீப்பற்றும் காட்சிக்கு உடலின் ஒரு பகுதியை 1/16 அளவில் செய்து, வினாடிக்கு 100 பிரேமில் எடுத்தார்கள். பதினாறின் வர்க்கமூலம் நான்கு, ஆகவே வழக்கமான 25 பிரேமைவிட நான்கு மடங்கு வேகம். அந்த ஒரு காட்சி முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது.

பட்டறைக்குப் பணத்தில் நட்டம். பேசிய தொகை அப்படியே வந்தது. இரண்டு வாரக் கூடுதல் கூலியும் வீணான தேக்கும் பட்டறையின் கணக்கில் போயின. அந்த நட்டத்தில் பாதியையாவது படக்குழு ஏற்க வேண்டும் என்று பேசினேன். எடை குறிக்கப்படாத தாள் எங்கள் பக்கம் கொடுத்தது என்பதுதான் என் வாதம். சிறு தொகை ஒன்று கிடைத்தது. போதாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதல் தாளில் எடை, எடை மையம், மாட்டும் இடங்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அசையலாம் என்ற வரம்பு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். உள்சட்டத்தை முதலில் செய்து, கலத்தின் எடைக்கு மணல் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, விளக்கின் கீழ் டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே தோலுக்குப் போக வேண்டும். இந்த ஒரு சோதனை இரண்டாம் வாரமே நடந்திருந்தால் எட்டாம் வாரத்து ரம்பத்துக்கு வேலை இருந்திருக்காது.

இரண்டாவது, ஒரு கைப்பிடி அளவுத் தகட்டில் பெயின்ட், கோடு, விவரம் எல்லாவற்றையும் முடித்து, அதை மட்டும் கேமராவில் பார்த்துவிட வேண்டும். கண்ணுக்கு நன்றாக இருப்பதும் லென்ஸுக்கு நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை முழுக் கலத்தில் கற்றுக்கொள்ள அவசியமில்லை. மருமகன் இப்போது கைப்பேசி கேமராவையே இதற்குப் பயன்படுத்துகிறான். அதுவே பாதித் தவறுகளைக் காட்டிவிடுகிறது.

கூலியை மொத்தமாகப் பேசக்கூடாது. உள்சட்டம், தோல், விவரம், திருத்தம் என்று பிரித்துப் பேச வேண்டும். கரைப்பான் வேலைக்குக் காற்றோட்டம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

மரத்தில் செய்தது தவறா என்று சிலர் கேட்கிறார்கள். தேக்கைக் குடையாமல் விட்டதுதான் தவறு. மூக்கின் இரட்டை வளைவையும் இயந்திரக் கூண்டையும் அவர் தேக்கில் எடுத்த அச்சின் மேல்தான் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்தோம். திரையில் எல்லோரும் பாராட்டிய பகுதி அதுதான்.

இப்போதைய நிலை

கலம் கணபதிப் பட்டறையின் பரணில், கரூர் கொசுவலைக்குள் இருக்கிறது. படக்குழு அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, தேதி சொல்லவில்லை. இதற்கிடையே ஒரு பொறியியல் கண்காட்சிக்கு நீர்மின் நிலைய மாதிரி ஒன்று 1/100 அளவில் கேட்டு வந்தார்கள். முதல் தாளை இம்முறை மருமகன் எழுதினான். முதல் வரியில் எடை.

பெரியவர் மேசையில் சுருக்க ஸ்கேலுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு ஸ்கேல் கிடக்கிறது. எடுத்துவைத்த அந்த முழங்கைத் தேக்குத் துண்டில் பித்தளைப் பட்டை பதித்து அவரே செய்தது. ஒரு விளிம்பில் 1/200, மறு விளிம்பில் 1/100. இரண்டு விளிம்பிலும், ஆள் உயரம் வரும் இடத்தில், ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கிறார்.